கார் நிறுத்த ஜல்லித் தளம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான்: போட்ட ஜல்லி ஒரு ஐப்பசி மழையைக்கூடத் தாங்கவில்லை. எழுதுகிறவர்கள் மூன்று விவரம் கட்டாயம் சொல்லுங்கள். அடியில் என்ன மண், எத்தனை இன்ச் கனம், மேலே ஓடப்போவது காரா லாரியா.

கேட்டிலிருந்து போர்ட்டிகோ வரை 40 அடி நீளம், 12 அடி அகலம். செம்மண் பூமி, கார் மட்டும்தான். எத்தனை யூனிட் வேண்டும்? (திண்டுக்கல்)

கேட்க வேண்டியதைச் சரியாகக் கேட்டிருக்கிறீர்கள். ஆறு இன்ச் போதும். 480 சதுர அடிக்கு அரை அடி கனம் என்றால் 240 கன அடி. அது ரோலர் ஓடி இறுகிய பிறகு உள்ள கணக்கு. லாரியில் வரும்போது சரக்கு பொலபொலவென்று இருக்கும், மூன்றில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். ஒரு யூனிட் என்பது நூறு கன அடி, மூன்றேகால் யூனிட்டுக்குச் சொல்லலாம். வெட்மிக்ஸ் (பல அளவு ஜல்லியும் கிரஷர் தூளும் தண்ணீர் விட்டுக் கலந்த சரக்கு) என்றே கேட்டு வாங்குங்கள். கொட்டுவதற்கு முன்பே டேப்பை எடுத்து டிப்பர் பாடியின் நீளம், அகலம், சரக்கு நிற்கும் உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி நூறால் வகுத்துப் பாருங்கள். கொட்டிய குவியலைக் காட்டிச் சண்டை போட்டுப் பயனில்லை. வேரும் குப்பையுமான மேல்மண்ணை வழித்தெடுத்து, வெறும் தரையை முதலில் ரோலர் ஓட்டி இறுக்க வேண்டும். வாட்டம் அடிக்குக் கால் இன்ச்.

ஜல்லி போட்டும் குழி விழுகிறது. என்ன செய்வது? (சென்னை)

எந்த ஜல்லி? எத்தனை இன்ச்? அடியில் களிமண்ணா மணலா? ஒன்றுமே எழுதவில்லை. மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போய்ப் பாருங்கள். குழியில் தெளிந்த தண்ணீர் நின்றால் வாட்டம் சரியில்லை. கல்லுக்கு இடையில் சேறு பிதுங்கினால் கல் கீழே இறங்குகிறது, அடிமண் மேலே வருகிறது. முன்னதற்கு மேல் அடுக்கைக் கிளறி மட்டம் பிடித்தால் போதும், பின்னதற்கு முழுவதும் தோண்ட வேண்டியிருக்கும். பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள். அதுவரை குழியில் இன்னொரு லோடு கொட்டாதீர்கள்.

சுத்தமான முக்கால் ஜல்லியாகப் பார்த்து வாங்கிப் போட்டோம். நடந்தாலே புரள்கிறது. (சேலம்)

புரளத்தான் செய்யும். ஒரே அளவுக் கல் கட்டாது. ஒன்றரை ஜல்லியிலிருந்து கிரஷர் தூள் வரை எல்லா அளவும் கலந்திருந்தால்தான் பெரிய கல்லின் இடைவெளியைச் சின்னக் கல்லும், அதன் இடைவெளியைத் தூளும் அடைக்கும். இப்போது மேலே கால் ஜல்லியும் கிரஷர் தூளும் கலந்து பரப்பி, தண்ணீர் தெளித்து, பெருக்கிவிட்டு, ரோலர் ஓட்டுங்கள். தூள் உள்ளே இறங்குவது நிற்கும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

தூளுக்குப் பதில் எம் சாண்ட் போடலாமா? (ஈரோடு)

வேண்டாம். எம் சாண்டில் பிடிமானம் தரும் பொடியைக் கழுவியே எடுத்துவிடுகிறார்கள். விலையும் அதிகம்.

குடோன் முன்னால் லாரி நிற்க ஒரு அடி கனம் வெட்மிக்ஸ் போடுகிறோம். ரோலர் வாடகை தண்டம், ஜே.சி.பி.யையே நாலு தடவை ஓட்டினால் இறுகிவிடும் என்கிறார் காண்ட்ராக்டர். (திருப்பூர்)

இறுகாது. எத்தனை தடவை எழுதினாலும் இந்தக் கேள்வி வந்துகொண்டே இருக்கிறது, ஏனென்றால் ஊர் ஊராக இப்படித்தான் வேலை நடக்கிறது. ஜே.சி.பி. தோண்டவும் அள்ளவும் உள்ள வண்டி. டயர் போன தடம் மட்டும் அமுங்கும், நடுவில் இருக்கிற சரக்கு பிதுங்கி நிற்கும். பக்கெட்டால் தட்டினால் மேல் இரண்டு இன்ச் மழமழவென்று ஆகும், அவ்வளவுதான். பார்வைக்குத் தளம் மாதிரி இருக்கும். லோடு லாரி நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை ஒடித்தால் தெரிந்துவிடும்.

ஒரு அடியை ஒரே மூச்சில் கொட்டுவது அடுத்த தவறு. அழுத்தம் கீழே போகப்போகக் குறையும். எட்டு, பத்து டன் வைப்ரேட்டர் ரோலர் ஆறு இன்ச் அடுக்கை நன்றாக இறுக்கும். ஒரு டன் குட்டி ரோலருக்கு நாலு இன்ச், பிளேட் காம்பாக்டருக்கு மூன்று. உங்களுக்குப் பெரிய ரோலர்தான், இரண்டு அடுக்குதான். முதல் அடுக்கு இறுகாமல் அடுத்த லோடை உள்ளே விடாதீர்கள்.

ஈரத்தையும் பாருங்கள். ஒரு கை சரக்கை அள்ளி இறுக்கிப் பிடியுங்கள். விரலை விரித்ததும் உருண்டையாக நிற்க வேண்டும். உதிர்ந்தால் தண்ணீர் போதாது, உள்ளங்கையில் கசிந்தால் அதிகம். தாழ்ந்த ஓரத்தில் தொடங்கி மேட்டுப் பக்கம், ஒவ்வொரு தடமும் முந்தைய தடத்தில் பாதி ஏறும்படி ஓட்டச் சொல்லுங்கள். கடைசியில் முக்கால் ஜல்லி ஒன்றைத் தளத்தின் மேல் வைத்து ரோலரை ஏற்றச் சொல்லுங்கள். கல் உள்ளே புதைந்தால் இன்னும் ஓட்ட வேண்டும். நொறுங்கினால் அடுக்கு இறுகிவிட்டது.

சரக்குக்கு லட்சக்கணக்கில் கொட்டிவிட்டு ஒரு நாள் ரோலர் வாடகையில் மிச்சம் பிடிப்பது என்ன கணக்கு? இதில் ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் கடன் வாங்கித் தொழில் நடத்துகிறவர்கள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. எஸ்டிமேட்டில் ரோலர் வாடகை தனி வரியாக இருக்கட்டும், அடுக்குக்கு எத்தனை இன்ச் என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

மண்டபத்துப் பார்க்கிங். கரிசல் மண். வருஷா வருஷம் ஜல்லி போடுகிறோம், மழைக்குப் பிறகு காணோம். (கோவில்பட்டி)

காணாமல் போகவில்லை, கீழேதான் இருக்கிறது. கரிசல் நனைந்தால் உப்பிக் களியாகும், காய்ந்தால் வெடிக்கும். நனைந்த களியில் கல் அமிழ்ந்துவிடுகிறது. ஒன்றரை அடி தோண்டி எடுங்கள். அடித்தரையை லேசான ஈரத்தோடு ரோலர் ஓட்டி, ஜியோடெக்ஸ்டைல் துணியை (கல்லும் அடிமண்ணும் கலக்காமல் பிரித்து வைப்பது) ஓரங்களில் ஒரு அடி ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி விரியுங்கள். அதன் மேல் நல்ல கிராவல் ஒரு அடி, பிறகு வெட்மிக்ஸ் ஆறு இன்ச், எல்லாம் அடுக்கடுக்காக. பஸ் வந்து நிற்கும் பக்கத்துக்கு இன்னும் ஆறு இன்ச் கூட்டுங்கள். அவ்வளவு செலவு முடியாதென்றால் மேல்மண்ணோடு எடையில் நூற்றுக்கு நாலு பங்கு சுண்ணாம்பு கலந்து இறுக்கலாம், உப்புவது வெகுவாகக் குறையும்.

எது செய்தாலும் சுற்றிலும் வாய்க்கால் வேண்டும். பாரத்தைக் கடைசியில் தாங்குவது அடிமண், அது காய்ந்திருக்கும்வரைதான் தாங்கும். 1816-இல் பிரிஸ்டல் சாலைகளின் பொறுப்பை ஏற்ற ஸ்காட்லாந்து சாலைப் பொறியாளர் மெக்காடம் அடித்துச் சொன்னதும் இதைத்தான். மண்டபத்தின் மொட்டைமாடித் தண்ணீர் பார்க்கிங்கில்தான் விழுகிறதா என்று முதலில் பாருங்கள்.

அழகுக்காகக் கூழாங்கல் பரப்பலாமா? (கோத்தகிரி)

செடி ஓரத்தில் பரப்புங்கள். கார் ஓடும் இடத்தில் கூடாது. உருண்டைக் கல் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளாது, உங்கள் ஊர்ச் சரிவில் உருண்டே போய்விடும்.

பழைய வீட்டை இடித்த செங்கல், சிமெண்ட் கட்டிகளை அடியில் போடலாமா? (மதுரை)

கான்கிரீட்டை மூன்று இன்ச்சுக்குள் உடைத்து அடி அடுக்கில் போடலாம், கம்பியைப் பொறுக்கி எடுத்துவிட்டு. செங்கல்லும் பூச்சும் ஈரத்தில் பொடிந்துபோகும், வேண்டாம்.

ஜல்லித் தளத்தின் மேல் பேவர் பிளாக் பதித்தோம். ஓரத்துக் கற்கள் விலகுகின்றன, நடுவில் பள்ளம். (தஞ்சாவூர்)

ஓரத்தில் கெர்ப் கல் இல்லை என்று நினைக்கிறேன். கான்கிரீட்டில் பதித்த ஓரக்கல் இல்லாமல் பேவர் நிற்காது. நடுப் பள்ளத்துக்கு, நாலு கல்லைப் பெயர்த்து மணல் எத்தனை இன்ச் என்று பாருங்கள். ஒரு இன்ச்சுக்கு மேல் இருந்தால், அடித்தள மட்டக் குறையை மணலைக் கொட்டி மறைத்திருக்கிறார்கள். மணலை வழித்துவிட்டு, வெட்மிக்ஸில் மட்டம் பிடித்து, காம்பாக்டர் ஓட்டிய பிறகு அதே கற்களைத் திரும்பப் பதிக்கலாம்.