பதினான்காம் அத்தியாயத்தில் நின்றுபோன நாவல்: ஏஐயிடம் என்ன கேட்கலாம்?

கேள்வி: ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். பதின்மூன்று அத்தியாயம் வரை தங்குதடையில்லாமல் வந்தது. பதினான்காவதில், பதினொரு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத தம்பி அக்கா வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். அவள் கதவைத் திறக்கிறாள். அதோடு சரி, மூன்று மாதமாக ஒரு வரி நகரவில்லை. சாட்ஜிபிடியிடம் அந்தக் காட்சியை எழுதச் சொன்னேன். எழுதித் தந்ததை இத்துடன் வைத்திருக்கிறேன். பிழை எதுவும் இல்லை, ஆனால் யாரோ எழுதிய நாவல் மாதிரி இருக்கிறது. இந்தக் கருவிகளால் எனக்கு உதவ முடியுமா, இல்லை விட்டுவிடட்டுமா?

பதில்: விட்டுவிட வேண்டாம். ஆனால் இனிமேல் அதைக் காட்சி எழுதச் சொல்லாதீர்கள், உங்களிடம் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். கதைப் பிரதிகளைத் திருத்திக் கொடுக்கும் வேலையில் இருப்பவள் என்ற முறையில் உறுதியாகச் சொல்கிறேன், இந்த ஒரு மாற்றம் செய்தாலே பாதிப் பேருக்குக் கை ஓட ஆரம்பித்துவிடுகிறது.

நீங்கள் அனுப்பிய காட்சியையே எடுத்துக்கொள்வோம். இரண்டாவது பத்தியில் அக்காவுக்குக் கண் கலங்குகிறது, நடுவில் ஒரு நீண்ட மௌனம், கடைசி வரியில் "உள்ளே வா" என்கிறாள். பதினொரு வருடக் கோபம் ஒரே பக்கத்தில் தீர்ந்துவிட்டது. இது ஏன் இப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் கருவியைக் கையாள்வது சுலபம். இந்தக் கருவிகளை இயக்கும் மொழி மாதிரிகள் கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்துப் பழகி, இதுவரை வந்த சொற்களுக்கு அடுத்து எது வர அதிக வாய்ப்பு என்று கணக்குப் போட்டு, துண்டு துண்டாக எழுதுகின்றன. பிரிந்தவர்கள் வாசலில் சந்திக்கும் காட்சி என்றால், எத்தனையோ கதைகளில் என்ன நடந்ததோ அதன் சாயல்தான் முதலில் வரும். அதற்கு மேல், மனிதர்கள் எந்தப் பதிலை விரும்புகிறார்கள் என்று பார்த்தும் இவற்றைப் பழக்குகிறார்கள். இதமாகப் பேசுவதும் பிரச்சினையைத் தீர்த்து வைப்பதும் இவற்றின் சுபாவமாகிவிட்டது. உதவியாளருக்கு அது நல்ல குணம். கதையில் சண்டை சீக்கிரம் தீர்ந்துவிட்டால் கதை அங்கேயே படுத்துவிடும்.

இதற்கு ஓர் ஆய்வும் உண்டு. 2024-இல் சயின்ஸ் அட்வான்சஸ் இதழில் டோஷி, ஹவுசர் என்ற இருவர் வெளியிட்டது. குட்டிக்கதை எழுதுகிறவர்களில் சிலருக்கு ஏஐ தந்த யோசனைகளைப் பார்க்க அனுமதித்தார்கள். அவர்களுடைய கதைகள் தனித்தனியாகப் பார்த்தால் கூடுதல் மதிப்பெண் பெற்றன, குறிப்பாக எழுத்துப் பழக்கம் குறைந்தவர்களுக்கு அது நன்றாகவே கைகொடுத்தது. ஆனால் ஏஐ யோசனையோடு வந்த அந்தக் கதைகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தபோது ஒன்றுக்கொன்று அதிகம் ஒத்துப்போயின. உங்களுக்குத் தோன்றிய அந்த 'யாரோ எழுதியது' என்ற உணர்வு சரியானதுதான், அதை நம்புங்கள்.

சரி, கேள்வி கேட்க வைப்பது எப்படி? சாட்ஜிபிடி, கிளாட், ஜெமினி, எதுவானாலும் பரவாயில்லை. இப்படி எழுதுங்கள்: "நான் ஒரு நாவல் எழுதுகிறேன். கீழே இருப்பது கதைச் சுருக்கமும் நான் நின்றுபோன இடமும். நீ ஒரு வரிகூடக் கதை எழுதக் கூடாது, யோசனையும் சொல்லக் கூடாது. இந்தக் காட்சியைப் பற்றி நான் இன்னும் முடிவு செய்யாத விஷயங்கள் எவை என்று கண்டுபிடித்து, ஒரு நேரத்தில் ஒரு கேள்வி மட்டும் கேள். என் பதிலைப் பாராட்டாதே, அதிலிருந்து அடுத்த கேள்விக்குப் போ."

பாராட்டாதே என்பதை மறக்காமல் சேருங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு பதிலுக்கும் 'மிக ஆழமான சிந்தனை' என்று ஆரம்பித்துவிடும், அந்தப் புகழ்ச்சியில் வேலை செய்துவிட்ட திருப்தி வந்துவிடுகிறது, பக்கம் காலியாகவே இருக்கும்.

உங்கள் கடிதத்தில் இருந்த விவரத்தை மட்டும் கொடுத்து நானும் முயன்று பார்த்தேன். ஆறு கேள்வி வந்தது. அவன் எப்படி இருக்கிறான், அவளுக்கு என்ன தோன்றுகிறது என்கிற மாதிரி முதல் மூன்றும் சாதாரணம். நான்காவது இது: "அந்த நேரத்தில் வீட்டில் வேறு யாராவது இருக்கிறார்களா? அவர்களுக்கு இப்படி ஒரு தம்பி இருப்பது தெரியுமா?"

இதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒன்பது வயது மகள் ஒருத்தி உள்ளே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று வையுங்கள். தனக்கு மாமா ஒருவர் இருப்பதே அவளுக்குத் தெரியாது. வாசலில் ஆள் அரவம் கேட்டு, பென்சிலும் கையுமாக எழுந்து வந்து "யாரும்மா?" என்கிறாள். இப்போது அக்கா ஏதாவது ஒரு பெயர் சொல்லியாக வேண்டும். மாமா என்றால் மன்னித்துவிட்டாள். தெரிந்தவர் என்றால் மன்னிக்கவில்லை. யாரோ முகவரி கேட்கிறார் என்றால் பொய், அதையும் தம்பி நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான். கண்ணீரும் வேண்டாம், மௌனமும் வேண்டாம், அந்த ஒரு பதிலில் பதினொரு வருடமும் வந்து நின்றுவிடும். அவள் எதைச் சொல்வாள் என்பது எனக்கும் தெரியாது, ஏஐக்கும் தெரியாது. பதின்மூன்று அத்தியாயம் அவளோடு இருந்தவர் நீங்கள்.

மகள் வேண்டாம் என்று உங்களுக்குத் தோன்றினால் அதுவும் நல்லதே. ஏன் வேண்டாம் என்று யோசிக்கும்போது வேண்டியது கண்ணில் படும். இதே காரணத்துக்காக இன்னொரு வழியையும் சொல்வேன்: "இந்தக் காட்சியில் எல்லோரும் எதிர்பார்க்கக்கூடிய பத்து விஷயங்களைப் பட்டியல் போடு" என்று கேளுங்கள். வருவதை எழுதவேண்டிய பட்டியலாக எடுத்துக்கொள்ளாமல் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போங்கள். வாய்ப்பு அதிகமுள்ளதைச் சொல்வதுதானே அதன் பலம், அந்தப் பலத்தை இங்கே நமக்குச் சாதகமாகத் திருப்புகிறோம்.

நாவல் முழுவதையும் அதற்குள் கொட்ட வேண்டியதில்லை. ஒரே நேரத்தில் எவ்வளவு உரையைக் கவனத்தில் வைத்துக்கொள்ள முடியும் என்பதற்கு ஒவ்வொரு மாதிரிக்கும் ஓர் எல்லை இருக்கிறது, தமிழ் உரை அதே அளவு ஆங்கில உரையைவிட அதிக டோக்கன்களாக, அதாவது மாதிரி உரையைப் படிக்கும் சிறு துண்டுகளாக, உடைவதால் அந்த எல்லை நமக்குச் சீக்கிரமே வந்துவிடும். எல்லைக்குள் இருந்தாலும் நடுவில் இருப்பது நழுவக்கூடும், நீங்கள் எழுதாத ஒரு சம்பவத்தை ஆறாம் அத்தியாயத்தில் இருப்பதாகத் துணிந்து சொல்லவும் கூடும். ஒரு பக்கச் சுருக்கமும் கடைசி இரண்டு பக்கமும் போதும். அந்தச் சுருக்கத்தை நீங்களே எழுதுங்கள், எழுதும்போதே எங்கே ஓட்டை என்று பாதி தெரிந்துவிடும்.

வசனத்தை மட்டும் எந்த நிலையிலும் அதனிடமிருந்து எடுக்காதீர்கள். தமிழில் அது எழுதும் பேச்சு ஒன்று மேடைப் பேச்சாக இருக்கும், இல்லையென்றால் எந்த ஊர் வழக்கிலும் சேராத ஒரு கலவையாக இருக்கும். அதற்குப் பதில் போனில் குரல் பதிவை எடுத்து அக்காவாகவும் தம்பியாகவும் நீங்களே பேசிப் பாருங்கள், குரலை எழுத்தாக்கும் வசதியில் விட்டு எடுத்துத் திருத்திக்கொள்ளலாம். தட்டச்சுக்கு முன்னால் உறைந்துபோகிற பலருக்கு வாய் திறந்தால் வந்துவிடுகிறது.

நேரத்துக்கும் வரம்பு வையுங்கள். இருபது நிமிடம், அப்புறம் அந்தத் திரையை மூடிவிட்டு எழுத உட்கார வேண்டும். எழுதுவதைத் தள்ளிப்போட ஏஐயோடு பேசிக்கொண்டிருப்பதைவிடச் சௌகரியமான வழி இப்போது வேறு இல்லை.

நியாயம் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். அது கேட்ட கேள்விக்கு உங்கள் பதிலை உங்கள் வாக்கியத்தில் எழுதினால் அது உங்கள் எழுத்து, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அது எழுதிய பத்தியை அப்படியே வைத்துக்கொண்டால் கதை வேறு. ஏஐ எழுதிய உள்ளடக்கம் இருந்தால் பதிப்பிக்கும்போது தெரிவிக்க வேண்டும் என்று அமேசானின் சுயபதிப்புத் தளமான கேடிபி 2023-இலிருந்து கேட்கிறது. வெறும் உத்தரவு கொடுத்து வாங்கியதற்கு உரிமை கோர முடியாது என்பது அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தின் நிலைப்பாடு. போட்டிக்கோ இதழுக்கோ அனுப்புவதாக இருந்தால் அவர்களுடைய விதியை முதலில் படித்துவிடுங்கள். 2024 ஜனவரியில் அகுதாகவா விருது பெற்ற ஜப்பானிய எழுத்தாளர் ரியே குடான், நாவலில் ஒரு பகுதிக்கு சாட்ஜிபிடியைப் பயன்படுத்தியதை வெளிப்படையாகவே சொன்னார். அவர் கதைக்குள்ளேயே ஓர் ஏஐ பேசுகிறது, அந்தக் குரலுக்கு அது பொருத்தம். உங்கள் அக்காவுக்குப் பொருந்தாது. அப்புறம், உங்கள் உரையாடல்களைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும் வசதி பல கருவிகளில் தானாகவே இயங்கும் நிலையில் இருக்கலாம், அமைப்புகளில் போய்ப் பார்த்து வேண்டாமென்றால் நிறுத்திவிடுங்கள்.

கடைசியாக, உங்கள் கடிதத்திலேயே என் கண்ணை உறுத்திய ஒன்று. அக்காவும் தம்பியும் ஏன் பேச்சை நிறுத்தினார்கள் என்று நீங்கள் சொல்லவே இல்லை. ஏஐ கேட்ட ஆறாவது கேள்வியும் அதுதான். கடிதத்தில் விட்டுப்போயிருந்தால் பரவாயில்லை, நாவலிலும் அது மங்கலாகவே இருக்கிறது என்றால் மூன்று மாதமாக நீங்கள் நிற்கும் இடம் பதினான்காம் அத்தியாயம் இல்லை, பதினொரு வருடத்துக்கு முந்தைய அந்த நாள். இன்று ராத்திரி கருவி எதையும் திறக்காமல் அந்தச் சண்டையை இரண்டு பக்கம் எழுதுங்கள். நாவலில் சேர்க்க வேண்டும் என்றில்லை. முதலில் யார் குரலை உயர்த்தினார்கள், யார் எழுந்து வெளியே போனார்கள், வீட்டில் விட்டுப்போனது என்ன, அது இன்னும் அக்காவிடம் இருக்கிறதா என்பது வரைக்கும் எழுதிவிட்டு, நாளை காலையில் கதவைத் திறங்கள்.