30,000 ரூபாய்க்குள் டர்ன்டேபிளுடன் ஒரு வீட்டு ஸ்டீரியோ: முதன்முறை வாங்குபவர் எதைப் பார்க்க வேண்டும்?

அப்பா சேர்த்து வைத்த இசைத்தட்டுகளைக் கேட்பதற்கு 30,000 ரூபாய்க்குள் ஒரு ஸ்டீரியோ அமைக்க வேண்டும், சூட்கேஸ் வடிவத்தில் வரும் பிளேயர் போதுமா, பழைய வெளிநாட்டு டர்ன்டேபிள் (தட்டைச் சுழற்றிப் பாடவைக்கும் கருவி) ஒன்று மலிவாகக் கிடைக்கிறதே அதை வாங்கலாமா, ப்ளூடூத் அவசியமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு முன்னால் பதில் எழுதியவர்கள் மாடல் எண்களை அடுக்கியிருக்கிறார்கள். உங்களிடம் இருப்பவை என்ன தட்டுகள் என்று ஒருவரும் கேட்கவில்லை. என்னைப் பொறுத்தவரை முதலில் கேட்க வேண்டியது அதுதான். ஏனென்றால் எந்தக் கருவி பொருந்தும் என்பதைத் தட்டுகள்தான் தீர்மானிக்கும்.

அலமாரியைத் திறந்து தட்டுகளை மூன்று வகையாகப் பிரித்து வையுங்கள். பன்னிரண்டு அங்குல எல்பிகள் நிமிடத்துக்கு 33⅓ சுற்றில் ஓடுபவை. ஏழு அங்குல ஈபிகள் பெரும்பாலும் 45 சுற்று. கையில் எடுத்தால் கனமாகவும், கீழே விழுந்தால் ஓடு போல உடைவதாகவும் இருக்கும் பத்து அங்குலத் தட்டுகள் 78 சுற்று. நம் நாட்டில் 1960களிலும் 78 சுற்றுத் தட்டுகள் அச்சிடப்பட்டு வந்ததால், அந்தக் காலத்தில் தட்டு வாங்கிய குடும்பங்களில் இந்த மூன்று வகையும் கலந்தே இருக்கும். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

இந்தப் பிரிவினை வெறும் வேகத்தைப் பற்றியது அன்று. 78 தட்டின் பள்ளம் அகலமானது. அதற்கு ஏறத்தாழ 75 மைக்ரான் ஆரமுள்ள ஊசி வேண்டும், எல்பிக்கோ 18 மைக்ரான் போதும். எல்பி ஊசியை 78 தட்டில் வைத்தால் அது பள்ளத்தின் அடியில் கிடக்கும் குப்பையில் உருண்டுகொண்டு இரைச்சலை மட்டும் அள்ளித் தரும். 78 ஊசியை எல்பியில் வைத்தால் தட்டே பாழாகும். ஆகவே 'மூன்று வேகமும் உண்டு' என்று பெட்டியில் அச்சிட்டுவிட்டு ஒரே ஊசியைக் கொடுக்கும் கருவி உண்மையில் மூன்றுக்கும் பயன்படாது.

சூட்கேஸ் பிளேயருக்கு வருகிறேன். ஊசியின் அசைவை மின்சாரமாக மாற்றும் சிறு பாகத்துக்குக் கார்ட்ரிட்ஜ் என்று பெயர், இவற்றில் பெரும்பாலானவற்றில் செராமிக் கார்ட்ரிட்ஜ்தான் இருக்கிறது. ஊசியைத் தாங்கும் கை தட்டின்மேல் ஐந்து கிராமோ அதற்கு மேலோ அழுத்துகிறது, அந்த அழுத்தத்தைக் குறைக்கத் திருகும் கிடையாது. ஸ்பீக்கர் அதே பெட்டிக்குள் இருப்பதால் அதன் அதிர்வு ஊசிக்குத் திரும்பப் போய் ஒலியைக் குழப்புகிறது. நன்றாகத்தானே பாடுகிறது என்று இதை வாங்கியவர்கள் கோபிப்பார்கள். பாடும், மறுக்கவில்லை, ஆனால் அந்த அழுத்தத்தில் தட்டு தேயும். கடையில் புதிதாக அச்சிட்டுக் கிடைக்கும் தட்டு என்றால் தேய்ந்தால் இன்னொன்று வாங்கலாம். உங்கள் அப்பாவின் தட்டு தேய்ந்தால் அதே தட்டை எங்கே போய்த் தேடுவீர்கள்?

பழைய வெளிநாட்டு டர்ன்டேபிளைப் பற்றி நீங்கள் கேட்டதால்தான் இந்தப் பதிலையே எழுத உட்கார்ந்தேன். கோயம்புத்தூரில் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் இருக்கும் என் மச்சான் அங்கே வீடு மாறும்போது, தான் வைத்திருந்த பெல்ட் டர்ன்டேபிளை (மோட்டார் ஒரு பெல்ட்டின் வழியாகத் தட்டைச் சுற்றும் வகை) துணி சுற்றிப் பெட்டியில் வைத்து எங்களுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். நல்ல கனமான கருவி, மரச்சட்டம், காந்தக் கார்ட்ரிட்ஜ். அது 120 வோல்ட் கருவி என்பதால் 230 வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வாங்கினோம். இதை மாட்டினால் அமெரிக்காவில் ஓடியது போலவே ஓடும் என்று கடைக்காரர் உறுதியாகச் சொன்னார். மாட்டினோம், தட்டு சுற்றியது, பாட்டும் வந்தது. வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சி, அம்மாவைத் தவிர.

அம்மா மேடை ஏறியவர் இல்லை. ஆனால் நாற்பது வருடமாகக் கச்சேரி கேட்டவர், சுருதிப்பெட்டி வைத்துப் பழகியவர். எல்பியின் முதல் பக்கம் பாதி ஓடுவதற்குள், "கண்ணு, சத்தமெல்லாம் நல்லாத்தான் இருக்குது. ஆனா அஞ்சு கட்டைல பாடறவங்க எதுக்கு மூணு கட்டைல பாடறாங்க?" என்றார். பழைய தட்டு அப்படித்தான் இருக்கும் என்று மச்சான் சமாதானம் சொன்னார். அம்மா ஒன்றும் பேசாமல் சுருதிப்பெட்டியை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தார். ஐந்து கட்டைச் சுருதியில் சேரவில்லை, அதைவிடத் தாழ்ந்த மூன்று கட்டையில் கச்சிதமாகச் சேர்ந்தது.

காரணம் எளியது, ஆனால் விற்பவர்களில் சொல்பவர் குறைவு. டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மாற்றுமே தவிர, மின்சாரத்தின் அலைவெண்ணை, அதாவது அது நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்பதை, மாற்றாது. அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், நம்மிடம் 50. அக்காலத்து பெல்ட் டர்ன்டேபிள்கள் பலவற்றில் இருக்கும் ஏசி சிங்க்ரனஸ் மோட்டார் அந்த அலைவெண்ணைப் பின்பற்றியே சுற்றும். எனவே 33⅓ சுற்ற வேண்டிய தட்டு நம் வீட்டில் 27.8 சுற்றுதான் சுற்றும், இருபது நிமிடப் பக்கம் இருபத்துநான்கு நிமிடம் ஓடும், சுருதி ஆறுக்கு ஐந்து என்ற விகிதத்தில் இறங்கும். சங்கீதம் தெரிந்தவர்களுக்குச் சொன்னால், ஆறுக்கு ஐந்து என்பது ஷட்ஜத்துக்கும் சாதாரண காந்தாரத்துக்கும் உள்ள தூரம். ஐந்து கட்டை மூன்று கட்டையானது இதனால்தான். ஆடியோ கருவிகளின் வித்தியாசம் காதால் தெரியாது, எல்லாம் மனப்பிரமை என்று எழுதும் நண்பர்கள் இதற்கு என்ன சொல்வார்கள் என்று தெரியவில்லை.

இதற்குத் தீர்வு, மோட்டாரின் தலையில் இருக்கும் சிறு புல்லியை ஐந்தில் ஒரு பங்கு பெரிதாக்குவது. அந்த நிறுவனம் 50 ஹெர்ட்ஸ் புல்லியைத் தயாரிப்பதை எப்போதோ நிறுத்திவிட்டிருந்தது. ஆனால் பம்ப் செட்டுக்குப் பேர்போன எங்கள் ஊரில் லேத்துக்குப் பஞ்சமில்லை. கணபதி என்ற பகுதியில் ஒரு பட்டறைக்குப் பழைய புல்லியை எடுத்துக்கொண்டு போனேன். அதைவிட ஐந்தில் ஒரு பங்கு அதிக விட்டம் வேண்டும் என்று கணக்கோடு சொன்னேன். பட்டறைக்காரர் மைக்ரோமீட்டரில் அளந்து பார்த்துவிட்டு, "பெல்ட் கொண்டாந்தீங்களா?" என்று கேட்டார். எதற்கு என்றேன். "பெல்ட்டோட கனமும் புல்லியோட சேந்துதானுங்க சுத்தும். வெறும் புல்லிக்குக் கணக்குப் போட்டாத் துளி மெதுவா ஓடும். மாவு மில்லுக்கே இதப் பாக்கணும், பாட்டுக்குப் பாக்க வேண்டாமுங்களா?" என்றார். பித்தளையில் ஒரு மயிரிழை கூடுதலாகவே கடைந்து, அது லேத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்போதே எமரித் தாளை விரலில் மடித்துப் பிடித்து, அளந்து அளந்து இழைத்துக் கொடுத்தார். எங்கள் வீட்டில் அந்த டர்ன்டேபிள் இன்றைக்கும் அந்தப் புல்லியில்தான் ஓடுகிறது.

வேகம் சரியா என்று பார்க்க, வட்டமாகக் கோடுகள் வரைந்த ஸ்ட்ரோப் தாளை அச்சிட்டுத் தட்டின்மேல் வைக்கலாம். 50 ஹெர்ட்ஸில் 33⅓ சுற்றுக்கு 180 கோடுகள் உள்ள வட்டம் அசையாமல் நிற்பது போலத் தெரிய வேண்டும். சோக் வைத்த பழைய டியூப்லைட்டின் அடியில் பாருங்கள், அது நொடிக்கு நூறு முறை துடிப்பதால்தான் கோடுகள் நிற்கின்றன. நல்ல எல்இடி விளக்கு அப்படித் துடிப்பதில்லை, அதனடியில் ஒன்றும் தெரியாது.

இவ்வளவையும் சொன்னது உங்களை லேத்துப் பட்டறைக்கு அனுப்ப அன்று. வெளிநாட்டிலிருந்து வந்த பழைய கருவியை வாங்குவதற்கு முன் அதன் பின்பக்கத் தகட்டில் எத்தனை வோல்ட், எத்தனை ஹெர்ட்ஸ் என்று படித்துப் பாருங்கள். ஜப்பானிலிருந்து வருவது 100 வோல்ட். டிசி மோட்டாரிலோ டைரக்ட் டிரைவிலோ (பெல்ட் இல்லாமல் மோட்டாரே நேராகத் தட்டைச் சுற்றும் வகை) ஓடும் கருவி என்றால் அலைவெண் சிக்கல் கிடையாது, வோல்டேஜை மட்டும் கவனித்தால் போதும். முதல் கருவியாக வாங்குபவருக்கு இந்த ஆராய்ச்சி தேவையில்லை என்றே சொல்வேன்.

உங்கள் தொகைக்கு நான் சொல்வது இதுதான்: எல்பியும் ஈபியும்தான் அதிகம் என்றால் ஆடியோ டெக்னிகாவின் ஏடி-எல்பி60எக்ஸ் போன்ற புதிய கருவி ஒன்று, அத்துடன் ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் கருவி) உள்ளேயே இருக்கும் புத்தக அலமாரி அளவு ஸ்பீக்கர் ஒரு ஜோடி. எடிஃபையரின் ஆர்1280 வரிசை இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அன்றைய விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டும் சேர்ந்து பெரும்பாலும் உங்கள் தொகைக்குள் அடங்கும். நான் யாருக்கும் முகவர் இல்லை, இதே தரத்தில் வேறு நிறுவனத்தின் கருவி கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள். எல்பி60எக்ஸில் கார்ட்ரிட்ஜை மாற்ற முடியாது, அழுத்தத்தைத் திருத்த முடியாது, 78 ஓடாது என்று ஆடியோ ரசிகர்கள் படையெடுத்து வருவார்கள். மூன்றும் உண்மை. ஆனால் ஊசியை மட்டும் கழற்றிப் புதிது மாட்டலாம், அழுத்தம் தொழிற்சாலையிலேயே பாதுகாப்பான அளவில் வைக்கப்பட்டிருக்கிறது. கையைத் தூக்கி வைக்கும்போது நடுக்கம் வரும் புதியவருக்குப் பொத்தானை அழுத்தினால் தானே இறங்கி ஏறும் கை ஒரு பெரிய வசதி.

அதில் ஃபோனோ பிரீஆம்ப் உள்ளேயே இருப்பது இன்னொரு வசதி. காந்தக் கார்ட்ரிட்ஜிலிருந்து வருவது சில மில்லிவோல்ட் மட்டுமே, அதை நேரே ஸ்பீக்கரின் ஆக்ஸ் என்ற சாதாரண உள்ளீட்டுத் துளையில் செருகினால் கொசு முனகுவது போலக் கேட்கும். ஒலியைப் பெருக்குவது மட்டும் போதாது. தட்டு வெட்டும்போது தாழ்ந்த சுருதி (பேஸ்) ஒலியைக் குறைத்தும் உச்ச சுருதி (ட்ரெபிள்) ஒலியைக் கூட்டியும் வெட்டுகிறார்கள், பேஸைக் குறைக்காவிட்டால் பள்ளங்கள் அகன்று ஒரு பக்கத்தில் அடங்காது. கேட்கும்போது அதைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். 1954இல் ஆர்ஐஏஏ (அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம்) என்ற பெயரில் ஒரே அளவுகோலாக்கப்பட்ட இந்த வேலையைச் செய்வதுதான் ஃபோனோ பிரீஆம்ப். அது டர்ன்டேபிளில் இருக்கலாம், ஆம்பில் இருக்கலாம், தனிப்பெட்டியாக இருக்கலாம், எங்காவது ஓரிடத்தில் ஒரே ஒரு முறை இருக்க வேண்டும். இரண்டு இடத்தில் இருந்தால் ஒலி கொழகொழவென்று ஆகிவிடும்.

பழைய ஸ்டீரியோ ஆம்ப் ஒன்று மலிவாகக் கிடைத்தால் அதையும் ஒதுக்க வேண்டாம். பின்னால் 'ஃபோனோ' என்று எழுதிய துளையும், முன்னால் மோனோ பொத்தானும் இருக்கிறதா பாருங்கள். அறுபதுகளின் தமிழ்ப் படப் பாட்டுகளும் கதை வசனத் தட்டுகளும் பெரும்பாலும் மோனோ, அதாவது இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே ஒலி. மோனோ பொத்தானை அழுத்தினால் பள்ளத்தின் மேலும் கீழுமான அசைவில் பிறக்கும் கரகரப்பு அழிந்து, பாட்டு முன்னால் வரும். பழைய ஸ்பீக்கரில் மட்டும் எச்சரிக்கை தேவை. கூம்பைச் சுற்றி இருக்கும் ஃபோம் வளையம் நம் வெப்பத்திலும் ஈரத்திலும் உதிர்ந்துவிடும், விரலால் மெதுவாகத் தொட்டாலே பொடியாக வரும். ரப்பர் வளையம் உள்ளதாகப் பாருங்கள்.

அமைக்கும்போது டர்ன்டேபிளையும் ஸ்பீக்கரையும் ஒரே மேசையில் வைக்காதீர்கள். சுவரில் பதித்த கடப்பைக்கல் அலமாரி உங்கள் வீட்டில் இருந்தால் டர்ன்டேபிளுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. மட்டம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கருவியில் எர்த் ஒயர் தனியாக இருந்தால் ஆம்பின் திருகில் மாட்டுங்கள், 'ம்ம்ம்' என்ற ரீங்காரத்துக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

மிச்சமாகும் பணத்தில் கார்பன் இழைத் தூரிகை ஒன்றும் மாற்று ஊசி ஒன்றும் வாங்கி வையுங்கள். கூம்பு வடிவ வைர ஊசி 500 மணி நேரம் வரை உழைக்கும், அதற்குமேல் அதை வைத்து ஓட்டுவது தட்டைச் சுரண்டுவதற்குச் சமம். எல்பியில் பூஞ்சை பிடித்திருந்தால் காய்ச்சி வடித்த நீரில் சிறிது ஐசோபுரோபைல் ஆல்கஹால் கலந்து துடைக்கலாம். 78 தட்டுக்கு மட்டும் ஆல்கஹாலைக் காட்டவே கூடாது, அது அரக்கில் செய்தது, ஆல்கஹாலில் கரைந்துவிடும்.

கேள்விக்கு வெளியே ஒன்று சொல்லிக்கொள்கிறேன். பழைய எல்பிகளை வாங்கி, நடுவில் முள் பொருத்திச் சுவர்க் கடிகாரமாக விற்கிறார்கள், காபிக்கடைகள் அவற்றை வரிசையாக மாட்டி வைக்கின்றன. கீறல் விழுந்து பாடாமல் போன தட்டுகள்தாம் அவை என்கிறார்கள். நான் அண்ணாந்து பார்த்த ஒரு கடிகாரத்தில் ஒரு கீறலும் இல்லை. உங்கள் உறவினர்கள் யாராவது அந்த யோசனையோடு வந்தால் அலமாரிச் சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

78 தட்டுகளைக் கேட்டே ஆக வேண்டும் என்றால் தொகையைக் கூட்டித்தான் ஆக வேண்டும். ஏடி-எல்பி120எக்ஸ் போன்ற, மூன்று வேகமும் கார்ட்ரிட்ஜ் மாற்றும் வசதியும் உள்ள கருவிக்குப் போய், அதற்கான 78 ஊசியைத் தனியாக வாங்க வேண்டும். பணம் சேரும் வரை அந்தத் தட்டுகளை உறையிலிட்டு நேராக நிறுத்தி வையுங்கள், படுக்க வைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டாம்.

ப்ளூடூத் விலையோடு சேர்ந்து வந்தால் வரட்டும், அதற்காகத் தனியே பணம் கொடுக்க வேண்டாம். அந்த வித்தியாசத்துக்கு இன்னும் கொஞ்சம் நல்ல ஸ்பீக்கர் வாங்குங்கள்.