65 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்குகிறது: எதை மாற்றுவது?

கேள்வி: சிங்கப்பூரில் ஏர்கான் பழுதுபார்க்கும் வேலைக்கு 13 ஆண்டு பழைய டீசல் பிக்கப் ஓட்டுகிறேன். விரைவுச்சாலையில் 65ஐத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்குகிறது. முன்பக்கம் இரண்டு புது டயர் போட்டாயிற்று, அலைன்மெண்டும் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) இரண்டு முறை செய்தாயிற்று. லோவர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கும் கை), டை ராட் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி), ஷாக் அப்சார்பர் மூன்றையும் மாற்றச் சொல்கிறார் பட்டறைக்காரர். மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். தேய்ந்த மூட்டு பெரும்பாலும் நடுக்கத்தை உண்டாக்குவதில்லை. சுழலும் பாகம் ஒன்றில் பிறந்த நடுக்கத்தைப் பெரிதாக்கும். பிறந்த இடத்தை முதலில் பிடியுங்கள். அலைன்மெண்ட் தவறினால் வண்டி ஒருபக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும். நடுக்கத்துக்கு அது மருந்தல்ல.

ஒரே வேகத்தில் நான்காவது கியரிலும் ஐந்தாவதிலும் ஓட்டிப் பாருங்கள். இரண்டிலும் நடுக்கம் மாறாவிட்டால் எஞ்சின் காரணமல்ல. பிரேக் மிதிக்கும்போது மட்டும் ஆடினால் டிஸ்க்கைப் பாருங்கள். ஸ்டியரிங் ஆடினால் முன்சக்கரம். இருக்கை அதிர்ந்தால் பின்சக்கரம் அல்லது புரொப்பெல்லர் ஷாஃப்ட் (எஞ்சின் விசையைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு). 15 அங்குல டயர் 70 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு ஏறக்குறைய 9 முறை சுற்றும். அந்த ஆட்டம் கைக்குத் தனித்தனியாகத் தெரியும். ஷாஃப்ட் அதைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சுற்றுவதால் ரீங்காரம்போல் வரும். இலகுரகச் சரக்கு வாகனத்துக்கு விரைவுச்சாலையில் உச்சவேகம் 70தான். உங்கள் வண்டியில் நடுக்கம் வெளிப்படுவதும் அதையொட்டிய வேகத்தில்தான் என்பதால் ஒவ்வொரு பயணத்திலும் உங்களுக்குத் தொந்தரவு.

புது டயர் போட்டதால் சக்கரம் சரி என்று நினைக்காதீர்கள். கட்டுமானத் தளத்துக்குப் போய்வரும் வண்டிகளில் ரிம்மின் உட்புறத்தில் சிமெண்டும் களிமண்ணும் காய்ந்து ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டாமல் பேலன்ஸ் செய்தால் (சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இருக்க ரிம்மில் சிறு எடை ஒட்டுவது), ஒரு கட்டி உதிர்ந்ததும் நடுக்கம் திரும்பிவிடும். ஹப்பில் (ரிம்மைப் பொருத்தும் நடுப்பகுதி) துரு படிந்தால் ரிம் தட்டையாக உட்காராது. கம்பி பிரஷால் தேய்க்கச் சொல்லுங்கள்.

பேலன்ஸ் இயந்திரத்தின் எதிரே நீங்களே நில்லுங்கள். திரை பூஜ்யம் காட்டினாலும், சுற்றும் டயரின் ட்ரெட் (சாலையில் படும் பரப்பு) ஏறி இறங்குகிறதா, ரிம்மின் விளிம்பு பக்கவாட்டில் ஆடுகிறதா என்று பாருங்கள். டயர் முட்டை வடிவில் இருந்தாலோ ரிம் வளைந்திருந்தாலோ எத்தனை கிராம் எடை ஒட்டியும் பயனில்லை. டயரில் டாட் (DOT) எழுத்துகளையடுத்து வரும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களையும் படியுங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23வது வாரம். புது டயரென்று வாங்கியது எப்போது செய்தது என்று தெரிந்துவிடும்.

காசு செலவில்லாத சோதனை ஒன்று: முன், பின் சக்கரங்களை இடம் மாற்றி ஓட்டுங்கள். நடுக்கம் ஸ்டியரிங்கிலிருந்து இருக்கைக்குப் போனால் குற்றவாளி சக்கரம்தான். லோவர் ஆர்மில் கைவைக்கவே வேண்டாம்.

இடம் மாற்றியபிறகும் நடுக்கம் ஸ்டியரிங்கிலேயே இருந்தால் சக்கரத்தை ஜாக் ஸ்டாண்டில் தூக்குங்கள். கடிகாரத்தில் 9, 3 நிலைகளைப் பிடித்து அசைத்து ஆடினால் முதலில் டை ராட் முனையைப் பார்க்க வேண்டும். 12, 6 நிலைகளில் ஆடினால் பேரிங் அல்லது பால் ஜாயின்ட் (சக்கரத்தை ஆர்மோடு இணைக்கும் உருண்டை மூட்டு). இப்போது ஒருவர் பிரேக்கை மிதிக்கட்டும்: ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயின்ட். பால் ஜாயின்ட்டில் ஆட்டம் இருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். அது கழன்றால் சக்கரமே மடங்கிவிடும். 10 ஆண்டைத் தாண்டிய சரக்கு வாகனத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை இருப்பதால் அங்கும் மாட்டும்.

ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்தால் மட்டும் மாற்றுங்கள், அதையும் இரண்டு பக்கமும் சேர்த்து. மூன்றையும் ஒரே தொகையாகச் சொல்லும் விலைப்பட்டியலை ஏற்காதீர்கள். பாகம் வேறு, கூலி வேறு என்று எழுதி வாங்குங்கள். கழற்றிய பாகத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று வேலை தொடங்குமுன்பே சொல்லிவிடுங்கள். டை ராடோ லோவர் ஆர்மோ மாற்றினால் அதன்பிறகு அலைன்மெண்ட் செய்தாக வேண்டும்.