கேட்டு வாங்குங்கள்: பெட்டியில் இல்லாத தேதி

கேள்வி: அண்மையில் ஒரு புதிய ஆண்ட்ராய்டு கைபேசி வாங்கினேன். அமைப்புகளில் பார்த்தால் பாதுகாப்புப் புதுப்பிப்பு இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய தேதியைக் காட்டுகிறது. கைபேசி நன்றாகத்தான் ஓடுகிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: ஆம். குற்றம் உங்களுடையதன்று. கைவிடப்பட்ட மாடலைப் புதியது என்று தலையில் கட்டியிருக்கிறார்கள். இருமல் மருந்துப் புட்டியில்கூடக் காலாவதித் தேதி இருக்கிறது. கேமராவின் மெகாபிக்சலைக் கொட்டை எழுத்தில் போடுகிறவர்கள், மென்பொருள் ஓட்டைகளை அடைக்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் எப்போது நின்றுபோகும் என்பதை மட்டும் பெட்டியில் போடமாட்டார்கள். இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது.

ஓடுவது வேறு, பாதுகாப்பாக இருப்பது வேறு. 2015-இல் ஆண்ட்ராய்டில் 'ஸ்டேஜ்ஃபிரைட்' ஓட்டை அம்பலமானது. உங்கள் எண் தெரிந்தவர் ஓர் எம்எம்எஸ் (படச் செய்தி) அனுப்பியே உள்ளே நுழைய வழி இருந்தது. அந்த ஆகஸ்ட் முதல் கூகுள் தொடர்ந்து ஓட்டைகளின் பட்டியலையும் திருத்தங்களையும் வெளியிட்டு வருகிறது. பட்டியலைத் திருடர்களும் படிக்கிறார்கள். திருத்தம் வராத கைபேசிதான் அவர்களுக்கு வசதி.

கூகுளின் பிக்சல் 8, சாம்சங்கின் கேலக்ஸி எஸ்24 போன்ற கைபேசிகளுக்கு 7 ஆண்டுகள் திருத்தம் வரும் என்கிறார்கள். நல்லது. ஆனால் கணக்கு அந்த மாடல் சந்தைக்கு வந்தபோதே தொடங்கிவிடுகிறது. நீங்கள் பணம் கொடுத்த நாளிலிருந்து அல்ல. தள்ளுபடியில் கிடைக்கும் பழைய மாடலில் பாதி ஆயுள் கடையிலேயே கழிந்திருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூனில் கொண்டுவந்த விதி, மாடலின் விற்பனையை நிறுவனம் நிறுத்திய நாளிலிருந்து 5 ஆண்டுகள் என்று எண்ணுகிறது. அதுதான் நியாயமான கணக்கு. பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல் திருத்தங்கள் வரும் குறைந்தபட்சக் காலத்தை நிறுவனங்கள் அறிவித்தே ஆக வேண்டும்.

நானும் தள்ளுபடியில் ஒரு டேப்லெட் வாங்கினேன். ஒரு திருத்தம்கூட வரவில்லை. இப்போது அதில் மணி பார்க்கிறேன்.

திருப்பிக் கொடுக்கக் கெடு இருந்தால், அந்தத் தேதி தெரியும் திரையைப் படமெடுத்து இணைத்து விற்றவருக்கு இன்றே எழுதுங்கள். கெடு முடிந்திருந்தால், வங்கிச் செயலியை அதில் வைக்காதீர்கள்.

கேள்வி: டார்ச் செயலி ஒன்று என் தொடர்புகளையும் இருப்பிடத்தையும் கேட்கிறது. கொடுக்கலாமா?

பதில்: கூடாது. டார்ச் உங்கள் கைபேசியிலேயே இருக்கிறது.

கேள்வி: பார்சல் திரும்பிவிட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. அதிலிருந்த செயலியை நிறுவி, தொலைபேசியில் ஒருவர் சொன்னபடியெல்லாம் அழுத்தினேன். கணக்கில் இருந்த பணம் போய்விட்டது. வீட்டில் எல்லோரும் திட்டுகிறார்கள்.

பதில்: திட்டுகிறவர்களிடம் இதைக் காட்டுங்கள்: உங்களோடு பேசியவருக்கு அதுவே முழுநேரத் தொழில். அவர் உங்களைக் கொடுக்கவைத்தது 'அணுகல்தன்மை' அனுமதியாக இருக்கும். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு உதவுவதற்காக வந்த வசதி அது. திரையைப் படிக்கும், உங்களுக்குப் பதிலாகப் பொத்தானும் அழுத்தும். ப்ளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து நிறுவிய செயலிகளுக்கு ஆண்ட்ராய்டு 13 முதல் இந்த அனுமதி எளிதில் கிடைப்பதில்லை. அதனால்தான் அவர் கூடவே பேசிக்கொண்டிருந்தார்.

கைபேசியின் இணையத்தைத் துண்டியுங்கள். வேறொரு கருவியிலிருந்து வங்கிக்கும் காவல்துறைக்கும் உடனே சொல்லுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறும். கடவுச்சொற்களையும் அந்த வேறு கருவியிலிருந்தே மாற்றுங்கள். பிறகு இந்தக் கைபேசியை முழுவதுமாக அழித்து மீட்டமையுங்கள்.

கேள்வி: மலிவாகக் கிடைத்ததென்று பழைய கைபேசி வாங்கினேன். முந்தைய உரிமையாளரின் கணக்கைக் கேட்கிறது. விற்றவர் தொலைபேசியை எடுப்பதில்லை.

பதில்: திருட்டைத் தடுக்க ஐபோனில் 2013 முதல், ஆண்ட்ராய்டில் 2015 முதல் இருக்கும் பூட்டு இது. விற்பவர் எதிரிலேயே தம் கணக்கை நீக்கிய பிறகுதான் நீங்கள் பணத்தை எடுத்திருக்க வேண்டும். ரசீதும் வாங்கவில்லை போலிருக்கிறது. மலிவுக்குக் காரணம் கேட்டீர்களா? திறந்து தருகிறேன் என்பவரிடம் இன்னும் கொஞ்சம் இழக்காதீர்கள்.

கேள்வி: 'உங்கள் கைபேசியில் 13 வைரஸ்கள்' என்று உலாவியில் விளம்பரம் வருகிறது. அது சொல்லும் துப்புரவுச் செயலியை வாங்கலாமா?

பதில்: விளம்பரத்தால் உங்கள் கைபேசிக்குள் வைரஸ் எண்ண முடியாது. பக்கத்தை மூடுங்கள்.