துப்பாக்கிக்கு இரண்டே இடம்: பெட்டகம், இல்லையேல் இடுப்பு

தென்னாப்பிரிக்காவில், குறிப்பாக டர்பன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில், "ஒரு துப்பாக்கி வாங்கி வைக்கலாமா?" என்ற பேச்சு ஓய்வதே இல்லை. அப்படி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு, ஆயுதச் சட்டமும் பயிற்சியும் அறிந்த ஒருவர் சொன்ன பதில்கள் இவை. கட்டணங்கள் மாறிக்கொண்டே இருப்பதால் அவற்றை விட்டுவிட்டோம்.

சாட்ஸ்வொர்த் தம்பி: அண்ணே, எங்க தெருவுல மூணு வீட்டை உடைச்சுட்டாங்க. ஒரு பிஸ்டல் வாங்கலாம்னு இருக்கேன். எங்க ஆரம்பிக்கணும்?

21 வயது ஆகியிருக்க வேண்டும் தம்பி. பலர் கடையில் துப்பாக்கியைப் பிடித்துப் பார்த்து, பணத்தையும் கட்டிவிட்டு, அப்புறம்தான் பயிற்சியைத் தேடுகிறார்கள். பயிற்சிதான் முதலில். அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் இரண்டு பாடம் முடிக்க வேண்டும்: சட்டத்துக்கு 117705, கைத்துப்பாக்கி கையாள 119649. அந்தச் சான்றுகளோடு உங்கள் வட்டாரக் காவல் நிலையத்தின் ஆயுத அதிகாரியிடம், எல்லாரும் டி.எஃப்.ஓ. என்பார்களே அவரிடம், எஸ்.ஏ.பி.எஸ். (தென்னாப்பிரிக்கக் காவல்துறை) 517 படிவமும் கைரேகையும் கொடுக்க வேண்டும். இது தகுதிச் சான்றுக்கு.

தகுதிச் சான்று ஆளுக்கு, லைசென்ஸ் துப்பாக்கிக்கு. அதனால் வாங்கப்போகும் துப்பாக்கியின் வரிசை எண்ணைப் போட்டு 271 படிவம் தனியாக நிரப்ப வேண்டும். லைசென்ஸ் வரும்வரை துப்பாக்கி கடைக்காரரின் பெட்டகத்தில்தான் இருக்கும். மனு தள்ளுபடியானால் கட்டிய பணத்தில் எவ்வளவு திரும்பும் என்று முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வெருலம் ஐயா ஒருவர்: தற்காப்புக்கென்று மனு போட்டேன், மறுத்துவிட்டார்கள். நாட்டில் குற்றம் தலைவிரித்தாடுவது அவர்களுக்குத் தெரியாதா?

தெரியும் ஐயா. அதனால்தான் அந்த வரி எடுபடுவதில்லை. ஆயுதக் கட்டுப்பாட்டுச் சட்டம், 2000 ஆம் ஆண்டின் 60 ஆம் எண், அதன் பிரிவு 13 கேட்பது இரண்டு. தற்காப்புக்கு உங்களுக்குத் துப்பாக்கி தேவையா? அந்தத் தேவையை வேறு வழியில் தீர்த்துக்கொள்ள முடியாதா? இரண்டாவதற்குப் பதில் எழுதாதவர்கள்தான் அதிகம் விழுகிறார்கள்.

என்ன எழுதலாம்? உங்களுக்கோ பக்கத்து வீட்டுக்கோ நடந்தவற்றின் காவல்துறை வழக்கு எண்கள். இரவு எத்தனை மணிக்கு, எந்த வழியாக வேலையிலிருந்து திரும்புகிறீர்கள், கடைப் பணத்தைக் கையில் கொண்டுபோகிறீர்களா என்பது. ஏற்கெனவே வைத்திருக்கும் கம்பிக் கதவு, அலாரம், ஆர்ம்ட் ரெஸ்பான்ஸ் (அலாரம் அடித்தால் ஆயுதத்தோடு வரும் தனியார் காவல்) ஒப்பந்தம், அவற்றின் படங்கள், அவர்கள் வந்து சேர எடுத்துக்கொண்ட நேரம். அதாவது, மற்ற வழிகளை எல்லாம் செய்து பார்த்தும் இடைவெளி இருக்கிறது என்று காட்ட வேண்டும். கடையில் கொடுக்கும் மாதிரிக் கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தால் அதிகாரிக்கு இரண்டாம் வரியிலேயே தெரிந்துவிடும். மறுப்புக் கடிதம் கைக்கு வந்த 90 நாளுக்குள் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம்.

பிரிவு 13-இல் ஒருவருக்கு ஒரே லைசென்ஸ்தான். கைத்துப்பாக்கி வேண்டாம் என்றால் பம்ப் ஷாட்கன் கேட்கலாம். தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ஷாட்கன் இந்தப் பிரிவில் வராது.

டொங்காட்: பெட்டகத்தை எங்கே, எப்படி மாட்டுவது?

காவல்துறை ஆள் வந்து பார்க்கும்போது முதலில் தேடுவது பெட்டகக் கதவில் SABS 953 என்ற தகட்டைத்தான். SABS என்பது தென்னாப்பிரிக்கத் தர நிர்ணய அமைப்பு. கடையில் இந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள். நகைப்பெட்டி மாதிரி மெல்லிய தகரத்தில் வருவது செல்லாது.

பழைய கவுன்சில் வீடுகளில் சுவர் உள்ளே பொள்ளலான பிளாக்காக இருக்கும். அதில் அடித்த போல்ட்டை ஒரு கடப்பாரை இரண்டே நெம்பில் பிடுங்கிவிடும். அங்கெல்லாம் கான்கிரீட் தரையில் இறக்குவதே நல்லது. துளை போட்டபின் உள்ளே தங்கும் தூளை ஊதியோ உறிஞ்சியோ எடுத்துவிட வேண்டும். தூள் இருந்தால் போல்ட் விரிந்தும் பிடிக்காது, முறுக்கும்போது கூடவே சுற்றும். நட்டு பெட்டகத்துக்கு உள்ளே இருக்கட்டும்.

நம் கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம். தோல் உறையோடு துப்பாக்கியை உள்ளே வைத்துப் பூட்டினால் தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சில வாரத்தில் உறை பட்ட இடமெல்லாம் துரு. உறையிலிருந்து எடுத்து, எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். சாவி டிரெஸ்ஸிங் டேபிளில் என்றால் பெட்டகமே வீண்.

லெனேசியா அக்கா: எங்க வீட்டுக்காரருக்கு நைட் ஷிப்ட். துப்பாக்கி அவர் பேர்ல. அவர் இல்லாதப்ப சாவி என்கிட்ட இருக்கலாமா?

கூடாது அக்கா. அவர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும் நீங்கள் அதைக் கையாளலாம். அவர் வேலையில், துப்பாக்கி உங்கள் கையில் என்றால் லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்த குற்றம் உங்கள்மேல் விழும்.

இதற்குச் சட்டத்திலேயே ஒரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. பிரிவு 12-இன்படி ஒரே வீட்டில் குடியிருப்பவர், அதே துப்பாக்கிக்குத் தன் பெயரிலும் கூடுதல் லைசென்ஸ் கேட்கலாம். பயிற்சியும் தகுதிச் சான்றும் நீங்களும் எடுக்க வேண்டும். இன்னொரு துப்பாக்கி வாங்கும் செலவு மிச்சம்.

ஓவர்போர்ட்: கார் ஹைஜாக் பயம்தான் எனக்கு. இடுப்பில் இருந்தால் தைரியம்தானே?

கேட்டில் நடப்பதை நொடிக்கணக்கில் பாருங்கள். கார் நின்றாகிவிட்டது, பெல்ட் போட்டிருக்கிறீர்கள், கேட் பாதி திறந்திருக்கிறது, கண்ணாடிக்கு வெளியே ஏற்கெனவே நீட்டிய துப்பாக்கி. உங்களுடையது சட்டைக்குள், பெல்ட்டுக்குக் கீழே. கை கீழே இறங்கினாலே அவன் சுடுவான். நீங்கள் எதுவும் செய்யாவிட்டாலும், இடுப்பில் இருப்பதைக் கண்டால் காரோடு அதுவும் போகும். கையை மேலே காட்டி இறங்குங்கள். பின் சீட்டில் பிள்ளை இருந்தால் உரக்கச் சொல்லுங்கள்.

அந்த நொடிக்கு முந்திய வேலைதான் பலன் தரும். டிரைவ்வேக்குள் மூக்கை நுழைத்து நிற்காமல், கேட் முழுக்கத் திறக்கும்வரை சாலையிலேயே நில்லுங்கள். பின்னால் யாராவது அடைத்தால் ஓட்டிப் போய்விடலாம். கேட் மோட்டாரின் 12 வோல்ட் பேட்டரியைச் சோதியுங்கள். மின்வெட்டில் பலமுறை வடிந்த பேட்டரி கேட்டை ஊர்ந்து திறக்க வைக்கும், நீங்கள் அங்கேயே காத்துக் கிடப்பீர்கள். சறுக்கு கேட்டைத் தண்டவாளத்திலிருந்து தூக்கி எடுப்பது திருடனுக்குச் சுலபம். தூக்க முடியாதபடி தடுக்கும் இரும்புக் கொண்டி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆசிரியர்: நல்லவர்கள் கையில் துப்பாக்கி கூடினால் குற்றம் குறையும் என்கிறார்கள். கணக்கு என்ன சொல்கிறது?

இரண்டு பக்கமும் தனக்குப் பிடித்த ஆண்டைத்தான் எடுத்துக் காட்டும். 1994/95-இல் இந்த நாட்டில் சுமார் 26,000 கொலைகள். 2011/12-இல் 15,600 அளவுக்கு இறங்கியது. 2022/23-இல் 27,494. புதிய சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது 2004-இல்.

கட்டுப்பாட்டை ஆதரிப்பவர்கள் காட்டுவது 2014-இல் வந்த ஆய்வு. டர்பன் உட்பட ஐந்து நகரங்களில் 2001 முதல் 2005 வரை நடந்த கொலைகளைப் பார்த்து, சட்டம் 4,500-க்கும் மேற்பட்ட உயிர்களைக் காத்தது என்று மதிப்பிட்டது. எதிர்ப்பவர்கள் சொல்வது: கொலைகள் சட்டத்துக்கு முன்பே குறையத் தொடங்கின, சட்டம் இருக்கும்போதே திரும்பவும் ஏறின. இரண்டும் உண்மை. ஏறியதற்கு ஒரு காரணம் காவல்துறைக்குள்ளேயே இருந்தது. அழிக்க வேண்டிய ஆயிரக்கணக்கான துப்பாக்கிகளை கேப் டவுன் பக்கத்துக் கும்பல்களுக்கு விற்ற ஒரு முன்னாள் கர்னலுக்கு 2016-இல் 18 ஆண்டு சிறை கிடைத்தது. அமெரிக்காவில் மறைத்து எடுத்துச் செல்லும் உரிமையால் குற்றம் குறைந்ததா கூடியதா என்று ஆராய்ந்த தேசிய ஆய்வுக் குழு, 2004-இல், எந்தப் பக்கமும் சொல்ல ஆதாரம் போதாது என்றது.

என் கருத்து: வீட்டுக்குள் இருக்கும் துப்பாக்கி தெருவின் குற்றத்தைக் குறைப்பதில்லை, அது இருப்பதே வெளியிலிருக்கும் திருடனுக்குத் தெரியாது. தெரிந்தால் அதைத் திருடத்தான் வருவான். ஒரு குறிப்பிட்ட இரவில் ஒரு குறிப்பிட்ட ஆளைக் காப்பாற்றலாம். அந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பித்தான் இந்த விவாதம் முப்பது வருஷமாக நடக்கிறது. 2021 மே மாதம் தற்காப்பு என்ற காரணத்தையே நீக்கும் வரைவு மசோதா வந்தபோதும் இதே கூச்சல்தான்.

பீனிக்ஸ்: 2021 ஜூலை மாதிரி கலவரம் வந்தால், தெருமுனையில் லைசென்ஸ் துப்பாக்கியோடு நிற்கலாமா?

அந்த நாட்களில் பீனிக்ஸில் 36 பேர் இறந்தார்கள், கொலைக் குற்றச்சாட்டுகள் நீதிமன்றம் ஏறின. இந்தக் கேள்வியை லேசாக எடுக்க வேண்டாம் தம்பி. பொது இடத்தில் துப்பாக்கி உறையில், முழுக்க மறைந்து, உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். கையில் பிடித்துக்கொண்டு காரை நிறுத்துவதும், ஆளைச் சோதிப்பதும் உங்களுக்கு உரிமையில்லாத வேலை. தற்காப்பு என்று சொல்ல, தாக்குதல் அப்போதே நடந்துகொண்டிருக்க வேண்டும், அல்லது நடக்கும் தறுவாயில் இருக்க வேண்டும், சுடுவது தவிர்க்க முடியாததாகவும் இருக்க வேண்டும். ஓடுபவனைச் சுட்டால் அது தற்காப்பு ஆகாது. கூட்டத்தை விரட்ட வானத்தை நோக்கிச் சுட்டாலும், தக்க காரணமின்றிக் குடியிருப்புப் பகுதியில் சுட்டது தனிக் குற்றம்.

அதே பீனிக்ஸிலிருந்து இன்னொருவர்: ராத்திரி வீட்டுக்குள் சத்தம் கேட்டால்?

குடும்பத்தை எல்லாம் ஒரே அறைக்குள் கூட்டிப் பூட்டுங்கள். பானிக் பட்டனை அழுத்துங்கள், 10111-க்குப் பேசுங்கள். நீங்கள் விழித்திருப்பதை உரக்கக் கத்திச் சொல்லுங்கள். துப்பாக்கி இருந்தால் அந்தக் கதவை நோக்கி இருக்கட்டும், வீட்டைத் தேடிப் போகாதீர்கள். எதைச் சுடுகிறோம் என்று கண்ணால் பாராமல் விசையைத் தொடக்கூடாது. ஓட்டப்பந்தய வீரர் ஆஸ்கர் பிஸ்டோரியஸ் 2013-இல் மூடிய கழிவறைக் கதவு வழியாக நான்கு முறை சுட்டார். உள்ளே இருந்த அவர் காதலி இறந்தார்; திருடன் என்று நினைத்தேன் என்றார். 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைக் கொலை என்றே தீர்த்தது.

சாட்ஸ்வொர்த் தம்பி மறுபடியும்: தோட்டாவை இறக்கும்போது வெடிச்சிடும்னு சொல்றாங்களே?

வரிசை தப்பினால் வெடிக்கும். முதலில் மேகசினை (தோட்டாக்கள் அடுக்கிய பெட்டி) கழற்று. பிறகுதான் ஸ்லைடை (துப்பாக்கியின் மேல்பகுதி) பின்னால் இழு. மாற்றிச் செய்தால், இழுத்தபோது ஒரு தோட்டா வெளியே குதிக்கும், மேகசினிலிருந்து இன்னொன்று குழலின் பின்னுள்ள தோட்டா அறைக்குள் ஏறும். பிறகு மேகசினைக் கழற்றிவிட்டுக் காலி என்று நினைத்து விசையை அழுத்துவார்கள். ஸ்லைடைப் பின்னால் பூட்டி, அறைக்குள் கண்ணால் பார்த்து, சுண்டு விரலால் தொட்டும் பார்க்க வேண்டும்.

குதித்த அந்தத் தோட்டாவைத் தினமும் திரும்ப அறையில் ஏற்றாதீர்கள். ஒவ்வொரு முறையும் முனை கொஞ்சம் உள்ளே அமுங்கும், வெடிக்கும்போது அழுத்தம் அளவு மீறும். புதிய தோட்டாவின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், குட்டையாகத் தெரிந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

மவுண்ட் எட்ஜ்கோம்ப்: கோவில் உண்டியலுக்குக் காவலாகக் கமிட்டி ஒன்று வாங்கலாமா?

பிரிவு 13 தனி ஆளுக்கானது. பதிவு பெற்ற காவல் நிறுவனத்தை வையுங்கள். உண்டியலை அடிக்கடி எண்ணி வங்கிக்கு அனுப்பினால் திருட வருபவனுக்கு அங்கே வேலையே இருக்காது.

காட்டோ மேனர் ஆயா: தாத்தா போய்ட்டாரு. அலமாரியில அவரோட ரிவால்வர் இருக்கு. லைசென்ஸ் தேதியும் முடிஞ்சிருக்கு போல. என்ன பண்றது?

ஆயா, முதலில் அதை யாரும் எடுத்துப் பார்க்க வேண்டாம், அறையைப் பூட்டுங்கள். பிரிவு 13 லைசென்ஸ் 5 ஆண்டுக்குத்தான். முடிவதற்கு 90 நாள் முன்பே 518 படிவத்தில் புதுப்பிக்க விண்ணப்பித்திருக்க வேண்டும். அப்படி விண்ணப்பித்திருந்தால் முடிவு வரும்வரை பழையது செல்லும். ஆகவே அவர் காகிதங்களில் காவல் நிலைய ரசீது ஏதாவது இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். விண்ணப்பிக்காமல் விட்டிருந்தால் வைத்திருப்பதே குற்றம், 2018-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் இதை உறுதி செய்துவிட்டது.

சொத்தை நிர்வகிப்பவரிடம் உடனே சொல்லுங்கள். அவர் டி.எஃப்.ஓ.வுக்கோ லைசென்ஸ் உள்ள கடைக்காரருக்கோ போன் செய்து வந்து எடுக்கச் சொல்லட்டும். லைசென்ஸ் முடிந்தது உறுதியானால் வக்கீல் மூலம் ஒப்படைப்பதே பாதுகாப்பு. பேரன் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால், அவன் தன் பெயரில் தகுதிச் சான்றும் லைசென்ஸும் வாங்கும்வரை அது கடைக்காரரின் பெட்டகத்தில் இருக்கட்டும். அவனையே காரில் போட்டு நிலையத்துக்குக் கொண்டுபோகச் சொல்லாதீர்கள். வழியில் போலீஸ் நிறுத்தினால் லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியோடு பிடிபட்டவன் அவன்தான்.