பதில்: அருவிக்குக் கீழ இருக்கற தடாகத்துல பசங்கள இறக்கலாமா?
6, 9 வயசுப் பசங்களுக்கு நீச்சல் தெரியாது, கைல மாட்டற காத்து ட்யூப் போதுமான்னு கேட்டிருக்கீங்க. போதாது சகோ, அது வெளையாட்டு சாமான், எப்ப வேணா கழண்டுரும், அளவான லைஃப் ஜாக்கெட் போட்டு விடுங்க, தோள்பட்டைல பிடிச்சு தூக்கிப் பாத்தா காது வரைக்கும் ஏறக்கூடாது. அருவி விழற எடத்துல நுரையா இருக்கும்ல, காத்து கலந்த தண்ணி, நல்லா நீந்தறவங்களுக்கே அதுல மிதக்கறது கஷ்டம், அந்தப் பக்கமே வேணாம். மொதல்ல நீங்க மெதுவா எறங்கி ஆழம் பாருங்க, போன வருஷம் பாத்த ஆழத்த நம்பாதீங்க. மேல எங்கயோ மழ பெஞ்சாலும் இங்க ஏறும், தண்ணி திடீர்னு கலங்கலா வந்தா உடனே கரையேறிடுங்க. பெரியவங்க ஒருத்தர் கைக்கெட்டற தூரத்துலயே இருக்கணும், போன் இல்லாம. ஒதடு நீலமானா தூக்கிடுங்க, இன்னும் அஞ்சு நிமிஷம்னு கெஞ்சுவாங்க, கேக்காதீங்க.