பின் சீட்டுக்கு அடியில் பேட்டரி
வாசகர் கேள்விகள்: பழைய கார் பராமரிப்பு

கேள்வி: என்னிடம் 1965ஆம் வருட ஃபோக்ஸ்வேகன் பீட்டில் இருக்கிறது. பின் சீட்டின் அடிப் பிரேம் வலது பக்கம் மட்டும் துருப்பிடித்து, கையால் தொட்டாலே உதிர்கிறது. இடது பக்கக் கம்பி நன்றாகவே இருக்கிறது. ஒடிந்த இடத்தில் புதுக் கம்பி வைத்து வெல்டிங் செய்தால் போதுமா, முழுப் பிரேமையும் புதிதாகச் செய்ய வேண்டுமா? 6 வோல்ட் பேட்டரியை எடுத்துவிட்டு 12 வோல்ட் போட்டிருக்கிறேன்.

பதில்: வலது பக்கம் மட்டும் என்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. பீட்டிலில் பேட்டரியின் இடம் பின் சீட்டுக்கு அடியில், வலது ஓரத்தில். சார்ஜ் ஏறும்போது கிளம்பும் வாயுவோடு அமிலமும் நுண்துளிகளாக மேலே வந்து கம்பியில் படியும். உங்கள் பிரேமைத் தின்றது அதுதான். அதை ஒழிக்காமல் வெல்டிங்கில் இறங்காதீர்கள்.

முதலில் எர்த் கம்பியை, அதாவது பேட்டரியைக் காரின் உடலோடு இணைக்கும் கம்பியை, கழற்றுங்கள், பிறகு பேட்டரியை வெளியே எடுங்கள். அது உட்காரும் தரைத் தகட்டையும் ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். பெரும்பாலும் அதுவும் அரித்திருக்கும். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்துப் பிரேமிலும் தகட்டிலும் ஊற்றுங்கள். அமிலம் இருக்கும் இடமெல்லாம் நுரைத்துக் காட்டிக்கொடுக்கும். நுரை அடங்கும்வரை ஊற்றி, நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவையுங்கள். இதைச் செய்யாமல் பிரைமர் அடித்தால், பெயின்டுக்கு அடியிலேயே துரு தன் வேலையைத் தொடரும்.

முழுப் பிரேமும் வேண்டாம். பழைய கம்பி எவ்வளவு மிஞ்சுகிறதோ அவ்வளவையும் காப்பாற்றுவதுதான் என் கட்சி, ஏனென்றால் உங்கள் காரின் சரியான அளவு அதில்தான் இருக்கிறது. வெட்டுவதற்கு முன் பிரேமை ஒரு பிளைவுட் பலகையில் வைத்துச் சுற்றிலும் கோடு போடுங்கள். கோட்டை ஒட்டி மரக்கட்டைகளை ஆணியடித்து நிறுத்துங்கள். எந்த ஸ்பிரிங் எங்கே மாட்டியிருக்கிறது, சீட் துணியைப் பிடிக்கும் பற்கள் எங்கெங்கே வருகின்றன என்று பலகையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். கம்பியின் கனத்தைத் துருப்பிடித்த பக்கத்தில் அளக்கக் கூடாது. இடது பக்கத்தைச் சுரண்டி, வெர்னியர் அளவுகோல் வைத்து அளங்கள். இடது பக்கத்தைக் காகிதத்தில் வரைந்து திருப்பிப் போட்டால் வலது பக்கம் கிடைத்துவிடும் என்று நம்பிவிடாதீர்கள். அந்தக் காகிதத்தைக் காரின் தரையில் விரித்து, பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே கம்பியை வளைக்க வேண்டும்.

வெல்டிங்கைக் காருக்குள் வைத்துச் செய்யவே கூடாது. பட்டறையில், அந்தப் பலகையின் அளவுப்படி, எதிரெதிர் மூலைகளில் டேக் மட்டும், அதாவது தற்காலிகமாகப் பிடித்து நிறுத்தும் சின்ன வெல்டிங் பொட்டுகள் மட்டும், வையுங்கள். ஒரே பக்கமாக ஓட்டிக்கொண்டே போனால் சூட்டில் கம்பி இழுத்து, பிரேம் முறுக்கிக்கொள்ளும். டேக் நிலையிலேயே காரில் வைத்து நான்கு மூலைகளையும் மாறி மாறி அழுத்துங்கள். ஆடினால் அப்போது திருத்துவது சுலபம். முழு வெல்டிங்குக்குப் பிறகு பெரும்பாடு.

இனிமேல் சொல்வதை அலட்சியம் செய்ய வேண்டாம். நீங்கள் மாற்றிய பேட்டரி பழையதைவிட உயரமா? கனமான ஒருவர் உட்கார்ந்ததும் ஸ்பிரிங் கீழே இறங்கிப் பேட்டரி முனையைத் தொட்டால் பொறி பறக்கும். மேலே இருக்கும் நார் மெத்தை பற்றிக்கொள்ளும். பீட்டில் பலவற்றில் இப்படித் தீப்பிடித்திருக்கிறது. சோதிக்க வழி உண்டு. எர்த் கம்பி கழற்றியபடியே இருக்கட்டும். பேட்டரி மூடியைப் பொருத்தி, அதன் மேல் உயரமாக ஒரு களிமண் உருண்டையை வையுங்கள். சீட்டைப் போட்டு இரண்டு பெரியவர்களை உட்காரச் சொல்லுங்கள், கொஞ்சம் குதிக்கவும் சொல்லுங்கள். சீட்டைத் தூக்கிப் பார்த்தால், களிமண் நசுங்கி மிஞ்சிய உயரம்தான் உங்களுக்கு இருக்கும் இடைவெளி. விரல் கனம்கூட மிஞ்சவில்லை என்றால் உயரம் குறைந்த பேட்டரி வாங்குங்கள். மூடி இல்லாமல் அந்தக் காரை ஓட்டவே ஓட்டாதீர்கள்.

கேள்வி: பின் சீட் ஸ்பிரிங் தொய்ந்துவிட்டது. சூடாக்கி நிமிர்த்தலாமா?

பதில்: கூடாது. சூடு பட்ட இடத்தில் ஸ்பிரிங் ஸ்டீலின் பதம் போய்விடும். மறுபடி தொய்யும் அல்லது ஒடியும். அதே கனத்தில் புது ஸ்பிரிங் மாட்டுங்கள். பிரேமில் வெல்டிங் இருந்தாலும் பக்கத்து ஸ்பிரிங்குகளைக் கழற்றி வைத்துவிட்டே செய்யுங்கள்.

கேள்வி: நார் மெத்தைக்குப் பதிலாக ஃபோம் போடலாமா?

பதில்: போடலாம், எனக்கு மனம் ஒப்புவதில்லை. நார் காற்றோட்டம் தரும், ஃபோம் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். ஃபோம்தான் என்று முடிவெடுத்தால், ஸ்பிரிங்குக்கும் அதற்கும் நடுவில் கெட்டியான சணல் துணியை இழுத்துக் கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் ஸ்பிரிங் நாளடைவில் ஃபோமை அறுத்துக்கொண்டு மேலே வந்துவிடும்.